கடன் வாங்கின பாட்டு

சினிமாவிலும் டெலிவிஷன் நாடகத்திலும் பழைய காலத்தைக் காட்டுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று அதிகச் செலவு பிடிக்கும் வழி. பழைய மோட்டார் வண்டிகளைத் தேடிப் பிடித்து ஓட்ட வேண்டும். கடைகளின் பெயர்ப் பலகைகளையெல்லாம் மாற்றி எழுத வேண்டும். செல்போன் கோபுரங்கள் கண்ணில் படாதபடி மறைக்க வேண்டும். நடிகர்களின் தலைமயிரைக் காது மூடும் அளவுக்கு வளர்க்கச் செய்ய வேண்டும். இவ்வளவும் செய்து முடித்த பிறகும், "இது எந்தக் காலத்துக் கதை ஸார்?" என்று ஒருவர் பக்கத்து நாற்காலிக்காரரைக் கேட்கக் கூடும்.

இன்னொரு வழி மிகவும் சுலபமானது. அந்தக் காலத்துப் பாட்டு ஒன்று எங்கேயோ ஒரு டீக்கடை ரேடியோவிலிருந்து வருவதுபோல் பத்து விநாடி காதில் விழுந்தால் போதும். கொட்டகையில் தலை நரைத்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்த வருஷத்தில் தாங்கள் குடியிருந்த வீடும், படித்த பள்ளிக்கூடமும், செலுத்தாமல் விட்ட கடிதமும் அவர்களுக்கு ஞாபகம் வந்துவிடும். பத்து லட்சம் ரூபாய் செலவழித்துப் போட்ட தெருவினால் ஆகாத காரியத்தைப் பாட்டின் முதலடி செய்து முடித்துவிடும்.

ஆனால், இந்தச் சுலபமான வழியில் நடப்பவர்கள் ஒரு விஷயத்தை மறக்கலாகாது. பழைய பாட்டு இரவல் பொருள். அதைக் கேட்டதும் நம் நெஞ்சில் பொங்குகிற உணர்ச்சி, புதுப் படத்தின் டைரக்டர் தேடிச் சம்பாதித்ததல்ல. வேறு யாரோ எழுதி, வேறு யாரோ மெட்டமைத்து, வேறு யாரோ பாடி, நாம் பல வருஷம் கேட்டுக் கேட்டுச் சேர்த்து வைத்த முதல் அது. அந்த முதலிலிருந்து கடன் வாங்குகிறவர் இரண்டு தவணைகளில் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். முதல் தவணை காலத்துக்குச் சேர வேண்டியது. இரண்டாவது தவணை பாட்டைச் செய்தவர்களுக்குச் சேர வேண்டியது.

முதல் தவணையை ஒழுங்காகச் செலுத்திய படம் என்று 2008-ஆம் வருஷத்தில் வெளிவந்த "சுப்ரமணியபுரம்" என்ற படத்தைச் சொல்லலாம். சசிகுமார் தயாரித்து டைரக்ட் செய்த இந்தப் படத்தின் கதை மதுரையில் 1980-ஆம் வருஷத்தில் நடக்கிறது. அதே 1980-ல் வெளிவந்த "கல்லுக்குள் ஈரம்" படத்துக்காக இளையராஜா அமைத்த பாட்டு ஒன்று, காதலர் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளும் இடங்களில் கேட்கிறது. அந்தப் பையனும் பெண்ணும் அந்த வருஷத்தில் தெருவில் நடந்திருந்தால் அவர்கள் காதில் விழுந்திருக்கக் கூடிய பாட்டே அது. அதே வருஷக் கடைசியில் வெளிவந்த "முரட்டுக் காளை"யைக் கொட்டகையில் கூட்டம் ஆரவாரத்துடன் பார்ப்பதாகவும் ஒரு காட்சி உண்டு.

இந்தப் படத்துக்குச் சங்கீதம் அமைத்த ஜேம்ஸ் வசந்தன் திருச்சிராப்பள்ளிக்காரர். அவர் பழைய பாட்டை மதித்ததோடு நில்லாமல், தாம் புதிதாகச் செய்த காதல் பாட்டையும் ரீதிகௌளை ராகத்தில் அமைத்தார். 1977-ல் "கவிக்குயில்" படத்தில் பாலமுரளிகிருஷ்ணா பாடினாரே, அதே ராகம். இதனால் புதுப் பாட்டுக்கும் அந்தக் காலத்து வாசனை வந்துவிட்டது. இரவல் நகையைப் போட்டுக்கொண்டவர், அதற்குப் பொருத்தமான புடவையையும் தாமே நெய்து கட்டிக்கொண்டாற்போல் இருந்தது.

எல்லோரும் இப்படிச் செய்வதில்லை. பெரும்பாலான படங்களில் 1980 என்றால் 1980-ல் பிரபலமான பாட்டுக்களை ஒரு ஜாபிதா எழுதி, வரிசையாகப் போட்டுவிடுகிறார்கள். அது ஏன் சரியில்லை என்பதை ஓர் உதாரணத்தால் விளக்கப் பார்க்கிறோம்.

துறையூரில் 1980-ல் நடக்கும் ஒரு கதையை யாரோ ஒருவர் டெலிவிஷன் நாடகமாக எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். துறையூர், திருச்சிக்கு வடக்கே சுமார் 45 கிலோமீட்டர் தூரத்தில், பச்சைமலையும் கொல்லிமலையும் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்கும் ஊர். அந்த ஊரில் அந்த வருஷத்தில் ஜனங்கள் என்ன பாட்டைக் கேட்டிருப்பார்கள்? சென்னையில் 1975 ஆகஸ்டு 15-ந் தேதி ஆரம்பமான டெலிவிஷன் அப்போது துறையூருக்கு எட்டவில்லை. புதுப் படங்கள் முதலில் பெரிய நகரங்களில் ஓடிக் களைத்த பிறகே சிற்றூர்க் கொட்டகைகளுக்கு வந்து சேரும். ஆகையால் நகரத்தில் பழசாய்ப் போன பாட்டு அங்கே புத்தம் புதிதாக இருக்கும். கல்யாண வீட்டிலும் மாரியம்மன் திருவிழாவிலும் மைக் செட்டுக்காரர் தம்மிடம் உள்ள இசைத்தட்டுக்களைத்தான் வைப்பார். பத்து வருஷத்துக்கு முந்திய எம்.ஜி.ஆர். படப் பாட்டும், சீர்காழி கோவிந்தராஜனின் பக்திப் பாட்டும், நேற்று வந்த இளையராஜா பாட்டும் ஒரே குழாயிலிருந்து கலந்து வரும். தட்டில் கீறல் விழுந்த இடத்தில் பாடகர் ஒரே வார்த்தையை நாலு தடவை சொல்வார். அதையும் ஊர் ஜனங்கள் பாட்டின் ஒரு பகுதியாகவே மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள்.

உண்மையான காலம் என்பது இந்தக் கலப்புத்தான். எந்த மனிதனும் நடப்பு வருஷத்துப் பாட்டை மட்டும் கேட்டு வாழ்வதில்லை. அம்மா முணுமுணுக்கும் பாட்டு இருபது வருஷம் பழசாக இருக்கும். பாட்டியின் பாட்டு தியாகராஜ பாகவதர் காலத்தது. திருச்சியில் வளர்ந்து, அவ்வூர் ரஸிக ரஞ்சன சபையின் நாடக மேடையில் சிறு பிள்ளையாக ஏறிய பாகவதரின் பாட்டைப் பாடாத பாட்டிகள் இந்த ஜில்லாவில் அபூர்வமாகவே இருந்திருப்பார்கள். ஆகவே, ஒரு வீட்டில் எந்தப் பாட்டு, எந்தக் கருவி வழியாக, எந்த அறையில் கேட்டது என்பதை விசாரித்துப் போடுகிறவரே காலத்துக்குச் சேர வேண்டிய தவணையைச் செலுத்தியவராவார்.

"கருவி வழியாக" என்று சொன்னோம். இதில் ஒரு விசித்திரமான தேச சரித்திரமும் அடங்கியிருக்கிறது. திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939-ஆம் வருஷம் மே மாதம் 16-ந் தேதி ஆரம்பமாயிற்று. தமிழ் நாட்டின் நடு மத்தியில் இப்படி ஒரு நிலையம் இருந்தும், பின்னால் ஒரு சமயத்தில், துறையூர்வாசிகள் தங்கள் சினிமாப் பாட்டைக் கேட்பதற்குக் கடல் கடந்து கொழும்பை நாட வேண்டியிருந்தது! சுதந்திர இந்தியாவில் 1952-ல் ரேடியோ இலாகாவுக்கு மந்திரியாக வந்த பி. வி. கேஸ்கர், ஜனங்களின் காதுகளைச் சாஸ்திரீய சங்கீதத்தின் பக்கம் திருப்ப வேண்டும் என்று விரும்பினார். நோக்கம் உயர்ந்ததே. ஆனால் சினிமாப் பாட்டுக்கள் அகில இந்திய ரேடியோவிலிருந்து ஏறக்குறைய மறைந்து போயின. ஜனங்கள் காதைத் திருப்புவதற்குப் பதில் ரேடியோப் பெட்டியின் முள்ளைத் திருப்பினார்கள். அது இலங்கை வானொலியில் போய் நின்றது. நமது ரேடியோ 1957 அக்டோபர் 3-ந் தேதி "விவித பாரதி" என்ற ஒலிபரப்பை ஆரம்பித்த பிறகும், கொழும்பிலிருந்து வந்த மயில்வாகனன், கே. எஸ். ராஜா, அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் ஆகியவர்களின் குரல்கள் தமிழ் நாட்டு வீடுகளில் பல வருஷம் குடியிருந்தன.

இந்த அறிவிப்பாளர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாட்டுக்கு முன்போ பின்போ, படத்தின் பெயர் என்ன, பாடியவர் யார், சங்கீதம் யாருடையது, எழுதினவர் யார் என்று நிறுத்தி நிதானமாக அறிவிக்கும் பழக்கம் அவர்களிடம் இருந்தது. பள்ளிக்கூடத்துப் பாடம் ஏறாத பிள்ளைகளுக்குக் கூட இந்தப் பெயர்கள் தலைகீழ்ப் பாடமாய் இருந்தன. பாட்டோடு அதைச் செய்தவரின் பெயரும் சேர்ந்தே நெஞ்சில் பதிந்தது. இதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளவும். மறுபடியும் இந்த இடத்துக்கு வருவோம்.

இனி இரண்டாவது தவணை. பாட்டைச் செய்தவர்களின் பெயர் என்ன கதியடையலாம் என்பதற்கு இங்கிலாந்தில் நடந்த ஒரு கதை நல்ல எடுத்துக்காட்டு.

அந்நாட்டின் வட பகுதி, ஆலைகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் நிறைந்தது. அங்கே உழைத்த வாலிபர்கள், 1970-ஐ ஒட்டிய வருஷங்களில், அமெரிக்க நீக்ரோ மக்களின் "ஸோல்" என்ற சங்கீதத்தின் மேல் பித்தாகிவிட்டார்கள். அதிலும் அமெரிக்காவில் பெயர் பெற்ற பாட்டுக்கள் அவர்களுக்கு வேண்டாம். பத்து வருஷத்துக்கு முன் டிட்ராயிட் முதலிய நகரங்களில் பதிவாகி, அங்கேயே விற்காமல் மூலையில் கிடந்த இசைத்தட்டுக்களாகத் தேடித் தேடி வாங்கினார்கள். விகன் என்னும் ஊரில் "காஸினோ" என்ற நடன மண்டபத்தில் 1973 முதல் 1981 வரையில் சனிக்கிழமை இரவு தொடங்கிப் பொழுது விடியும் வரையில் இந்தப் பாட்டுக்களுக்கு ஆடினார்கள். கால் வழுக்கிச் சுழல்வதற்காகத் தரையில் முகப் பவுடரைத் தூவிக்கொள்வார்களாம்! இதற்கு "நார்தர்ன் ஸோல்", அதாவது வடக்கத்தியாரின் ஸோல், என்று பெயர் வந்தது. வடக்கு என்றது இங்கிலாந்தின் வடக்கைத்தான். பிறந்த இடத்தில் அநாதையான பாட்டுக்குத் தத்தெடுத்தவர்களின் ஊர்ப் பெயர் கிடைத்தது. இன்று அந்தக் காலத்தைக் கதையாக எடுக்கும் ஆங்கிலப் படங்களுக்கும் டெலிவிஷன் நாடகங்களுக்கும் இந்தப் பாட்டுக்கள் கைகண்ட மருந்தாக உதவுகின்றன. 2014-ல் "நார்தர்ன் ஸோல்" என்ற பெயரிலேயே ஒரு படம் வெளிவந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய சங்கதி வேறு. மண்டபங்களில் இசைத்தட்டு வைப்பவர்களுக்குள் கடும் போட்டி. தம்மிடம் உள்ள அபூர்வமான தட்டு இன்னதென்று போட்டிக்காரருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று அதன் மேல் வேறு காகிதத்தை ஒட்டி, பொய்ப் பெயரைச் சொல்லிப் போடுவார்கள். ஃப்ராங்க் வில்ஸன் என்பவர் 1965-ல் பாடிய ஒரு பாட்டு அப்படித்தான் எட்டி ஃபாஸ்டர் என்ற வேறொருவர் பெயரால் விகன் மண்டபத்தில் ஒலித்தது. ஆயிரம் பேர் அந்தப் பாட்டுக்குக் குதித்து ஆடினார்கள். அவர்களுக்குத் தெரிந்த பெயரோ அவருடையதல்ல. பின்னால் உண்மை வெளிப்பட்டது. அந்தத் தட்டின் பிரதி ஒன்று 2009-ல் இருபத்தையாயிரம் பவுனுக்கு மேல் விலை போயிற்று. ஆனால் பழைய தட்டு கை மாறும்போது பணம் சேருவது தட்டை வைத்திருந்தவருக்கே அன்றிப் பாடினவருக்கு அல்ல!

"வெள்ளைக்காரன் செய்த அநியாயத்தைப் பார்த்தீர்களா?" என்று நாம் மார் தட்டிக்கொள்ள இடமில்லை. அங்கே பெயரை ஒளித்தார்கள். இங்கே ஒளிப்பதில்லை. சொல்லாமல் விட்டுவிடுகிறோம். பலன் ஒன்றுதான்.

திருச்சி ஜில்லாவிலிருந்தே இதற்கு அத்தாட்சி காட்டலாம். சென்ற சில வருஷங்களில் பழைய காலத்தைத் திரும்ப அழைத்துக் காட்டிப் பெரும் வெற்றியடைந்த படங்களில் இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்று, 2018-ல் வெளிவந்த "96". தஞ்சாவூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் படித்தவர்கள் இருபத்திரண்டு வருஷங்களுக்குப் பிறகு சந்திக்கும் கதை. பள்ளிக்கூட நாட்களில் பையன் கேட்டுக் கேட்டும் அந்தப் பெண் ஒரு பாட்டை மட்டும் அவனுக்காகப் பாடவேயில்லை. அதை அவள் கடைசியில், அவன் வீட்டில், மின்சாரம் நின்றுபோன இருட்டில் பாடுகிறாள். பாட்டு, 1991-ல் வந்த "தளபதி" படத்தினுடையது. யமுனைக் கரையில் கண்ணனுக்காகக் காத்திருப்பவளின் ஏக்கம். படம் முழுவதும் நாம் காத்திருந்தது அந்தப் பாட்டுக்குத்தான் என்பது அப்போதுதான் நமக்கே தெரிகிறது.

இரண்டாவது, 2024-ல் வெளிவந்த "மஞ்ஞும்மல் பாய்ஸ்" என்ற மலையாளப் படம். கொச்சிப் பக்கத்து நண்பர்கள் 2006-ல் கொடைக்கானலுக்குப் போய், "குணா குகை" என்று பெயர் வாங்கிய பள்ளத்தில் ஒருவன் விழுந்துவிட, மற்றவர்கள் அவனை மீட்ட உண்மைச் சம்பவம். 1991-ல் வந்த "குணா" படத்தில் கமல்ஹாசனும் எஸ். ஜானகியும் பாடிய பாட்டு ஒன்று கடிதம் எழுதுவது போலவே அமைந்தது. நண்பனை மேலே தூக்கிவரும் தருணத்தில் அந்தப் பாட்டு எழும்போது, காதலிக்கு எழுதின கடிதம் நண்பர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட கடிதமாக மாறிவிடுகிறது. மலையாள ரஸிகர்கள் தமிழ்ப் பாட்டுக்குக் கண்ணீர் விட்டார்கள்.

இவ்விரண்டு பாட்டுக்களுக்கும் இசை இளையராஜா. அது குழந்தைகளுக்குக் கூடத் தெரியும். எழுதியவர் யார்? பத்துப் பேரைக் கேட்டால் இருவர் சொன்னால் அதிகம். இரண்டையும் எழுதியவர் ஒருவரே. அவர் ஸ்ரீரங்கத்து ரங்கராஜன், அதாவது கவிஞர் வாலி.

வாலி ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர். இளமையில் அவருடைய ஆசை சித்திரக்காரராக வேண்டும் என்பது. "ஆனந்த விகட"னில் சித்திரங்கள் போட்ட மாலியைப் போல ஆக வேண்டும் என்று அவர் விரும்பியதால், நண்பர் ஒருவர் அவருக்கு "வாலி" என்று பெயர் சூட்டினார். திருச்சி வானொலி நிலையத்துக்குப் பாட்டும் நாடகமும் எழுதிப் பழகினார். முருகன் மேல் ஒரு பாட்டை ஸ்ரீரங்கத்திலிருந்து தபால் கார்டில் எழுதி டி. எம். சௌந்தரராஜனுக்கு அனுப்ப, அவர் அதற்கு மெட்டமைத்துப் பாடினார். 1958-ல் சினிமாவுக்கு முதல் பாட்டு எழுதியவர், 2013 ஜூலை 18-ந் தேதி காலமாகும் வரையில் எழுதிக்கொண்டேயிருந்தார். காவேரிக் கரைக்காரர் எழுதிய யமுனைக் கரைப் பாட்டு, தஞ்சாவூர்ப் பெண்ணின் ஊமை நெஞ்சைத் திறந்தது. அவர் எழுதிய கடிதம் கேரளத்து வாலிபனைப் பாதாளத்திலிருந்து தூக்கிவந்தது. இவ்வளவு செய்தவருடைய பெயர் திரையில் எவ்வளவு நேரம் நின்றது என்று எண்ணிப் பார்த்தால் துக்கமாயிருக்கிறது.

இப்படிப் பாட்டை எடுத்தாளுவதைப் பற்றிச் சச்சரவும் இல்லாமற் போகவில்லை. தம் பழைய பாட்டுக்களைப் புதுப் படங்களில் பயன்படுத்துவதை 2019-ல் இளையராஜா கண்டித்துப் பேசினார். "மஞ்ஞும்மல் பாய்ஸ்" தயாரிப்பாளர்களுக்கு 2024-ல் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். உரிமை வைத்திருந்தவர்களிடம் முறைப்படி வாங்கிக்கொண்டே பயன்படுத்தினோம் என்றார்கள் தயாரிப்பாளர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? சினிமாவுக்காகப் பணம் பெற்று எழுதிய பாட்டின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், படத் தயாரிப்பாளருக்கே சேரும் என்று சுப்ரீம் கோர்ட்டு 1977-ல் தீர்ப்புச் செய்தது. பாட்டெழுதியவரும் மெட்டமைத்தவரும் கூலி வாங்கினதோடு சரி. முப்பத்தைந்து வருஷங்களுக்குப் பிறகு, 2012-ல், பார்லிமெண்டு இந்தச் சட்டத்தைத் திருத்தியது. ஹிந்திக் கவிஞர் ஜாவேத் அக்தர் ராஜ்ய சபையில் இதற்காகப் பாடுபட்டார். சினிமாக் கொட்டகையில் அந்தப் படத்தோடு காட்டுவது தவிர வேறு வகையில் பாட்டு பயன்பட்டால் வரும் வருமானத்தில் கவிஞருக்கும் சங்கீத கர்த்தாவுக்கும் சரி பங்கு உண்டு. அந்தப் பங்கை அவர்களே எழுதிக் கொடுத்துவிட்டாலும் செல்லாது என்று ஏற்பட்டது. கவிஞரின் உரிமை அவர் காலமாகி அறுபது வருஷம் வரையில் நீடிக்கும். வாலியின் பாட்டுக்கு 2073-ஆம் வருஷக் கடைசி வரையில் சொந்தக்காரர்கள் உண்டு. சட்டத்தின் மற்ற நுட்பங்களை வக்கீல்களிடமே விட்டுவிடுவோம். அவர்களும் பிழைக்க வேண்டுமல்லவா?

நாம் கேட்பது பணத்தைவிடச் சிறியது. ஒரு வகையில் பெரியது. பழைய பாட்டு ஒன்றைக் கதைக்குப் பிராணனாக வைக்கும் டைரக்டர்கள், அந்தப் பாட்டு எழும் இடத்திலேயே, படம், வருஷம், எழுதியவர், மெட்டமைத்தவர், பாடியவர் ஆகிய விவரங்களைத் திரையின் அடியில் ஒரு வரியில் காட்டினால் என்ன? புகை பிடிக்கிற காட்சியில் எச்சரிக்கை வாசகம் போடுவதற்குத் திரையில் இடமிருக்கிறதே! காட்சியின் உருக்கம் கெட்டுவிடும் என்று சிலர் சொல்லக் கூடும். இலங்கை வானொலியில் அத்தனை பெயர்களையும் சொல்லிவிட்டுத்தான் பாட்டைப் போட்டார்கள். அதனால் யாருடைய உருக்கமும் குறைந்ததாகத் தெரியவில்லை. எழுதியவரின் பெயரைத் தெரிந்துகொண்டு கேட்டவர்கள்தான் அந்தப் பாட்டுக்களை இத்தனை வருஷம் காப்பாற்றி, இப்போது கடன் வாங்குகிறவர்களுக்காக வைத்திருக்கிறார்கள்.

துறையூர்க் கதையை நாளைக்கு யாராவது உண்மையாகவே எடுக்கலாம். எந்தப் பாட்டைப் போடுவது என்று விசாரிக்க அவர் அந்த ஊருக்குப் போகட்டும். பழைய மைக் செட்டுக்காரர் எவரேனும் கிடைத்தால் அவரைக் கேட்கட்டும். திரும்பும் வழியில் கொள்ளிடத்தைத் தாண்டி ஸ்ரீரங்கத்திலும் கொஞ்சம் இறங்கட்டும். கடன் வாங்குகிறவருக்குக் கடன் கொடுத்தவரின் ஊராவது தெரிந்திருக்க வேண்டாமா?